தீமை என்றார் அம்மா, அநியாயம் என்றார் அப்பா

எங்கள் வீட்டில் ஒரே விஷயத்துக்கு இரண்டு சொற்கள் இருந்தன. அம்மா அதைத் தீமை என்பார். அப்பா அநியாயம் என்பார். போடிநாயக்கனூரில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், வியாகுல மாதா படமும் பெரியார் படமும் எதிரெதிர்ச் சுவர்களில் தொங்கிய வீடு அது. அம்மா ஏலக்காட்டு வேலைக்குப் போனவர். அப்பா ஏலக்காய்க் குடோனில் கணக்கெழுதியவர், கறுப்புச் சட்டைக்காரர். அம்மாவின் பிடிவாதத்துக்காகக் கோயிலில் ஒருமுறையும் அப்பாவின் பிடிவாதத்துக்காக மேடையில் ஒருமுறையும் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

தீமை என்பது வருவது. எங்கிருந்தோ வந்து நம்மைத் தொடுவது. அநியாயம் வருவதில்லை, அதை யாரோ செய்கிறார்கள். இந்த வித்தியாசம் சிறுவயதில் எனக்குப் புரிந்ததில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது சித்தி இறந்தார். அன்றைக்குப் புரிந்தது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். கேரள எல்லையைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும். அன்றைக்கு இருட்டியபின் இறங்கிய ஜீப் ஒரு வளைவில் உருண்டது. அம்மாவின் ஒரே தங்கை, இருபத்தாறு வயது. கூட இன்னும் இரண்டு பெண்கள்.

அடக்கத்துக்கு வந்த சாமியார், ஆண்டவருக்கு அவள் தேவைப்பட்டிருக்கிறாள் என்றார். பக்கத்து வீட்டு அத்தை, தலையெழுத்து என்றார். அப்பாவின் தோழர் ஒருவர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "தினமும் செபமாலை சொன்ன பிள்ளையாச்சேம்மா. மாதா ஏன் பிரேக்கப் பிடிக்கல?" அப்பா இதில் எதையும் சொல்லவில்லை. பிழைத்து வந்த பெண்களுக்கு அருகே பாயில் உட்கார்ந்து, வண்டியில் எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்பியது, டிரைவருக்கு அன்றைக்கு அது எத்தனையாவது நடை என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பத்துப் பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் இருபத்திரண்டு பேர்.

அம்மா அந்த நோட்டைப் பார்த்துக் கேட்டார்: "ஒங்க கணக்கு என் தங்கச்சியத் திருப்பித் தருமா?"

அன்று இரவு அம்மா மாதா படத்தின் முன் நின்றதைப் பார்த்தேன். அது செபம் இல்லை, சண்டை. "அவளுக்கு என்ன வயசு தாயே? ஒனக்குக் கண்ணில்லையா?"

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பிறகு நான் புத்தகங்களில் தேடினேன். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த புனித அகஸ்டின், தீமை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது என்றார். கடவுள் படைத்ததெல்லாம் நல்லது. இருட்டு என்பது வெளிச்சம் இல்லாமை என்பதுபோல, தீமை என்பது நன்மையின் குறைவு. மனிதர் தம் விருப்பத்தால் கடவுளைவிட்டு விலகியதில் அந்தக் குறைவு உலகுக்குள் வந்தது.

இதில் ஒரு பலம் இருக்கிறது. உலகம் இப்படி இருந்திருக்க வேண்டியதில்லை என்று இந்தப் பார்வை சொல்கிறது. ஆகவே அழுகை அறியாமை ஆகாது. உடைந்துபோன ஒன்றைப் பார்த்துத்தான் அம்மா அழுதார். அதைப் படைத்தவரிடமே போய்ச் சண்டையும் போட்டார்.

ஆனால் அந்த விலகலைத் தொடங்கியது யார் என்று கேட்டால், கதை ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறது. ஏவாள் பழத்தைத் தின்றாள். அகஸ்டினுக்கும் முன்பே தெர்த்துல்லியன், பிசாசு நுழைகிற வாசல் பெண்தான் என்று எழுதிவிட்டார். தீமைக்குக் காரணம் பெண். அதைப் பொறுமையாகச் சுமந்தால் புனிதையும் பெண். குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கியவளுக்கு, அது நீ சுமக்கவேண்டிய சிலுவை என்று ஆறுதல் சொன்னவர்களை எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன்.

அதே விவிலியத்தில் யோபுவின் கதையும் இருக்கிறது. யோபு தன் பத்துப் பிள்ளைகளையும் இழக்கிறார். நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொல்கிறார்கள். யோபு ஒப்புக்கொள்ளாமல் கடவுளிடம் வழக்காடுகிறார். கடைசியில் கடவுள் கடிந்துகொள்வது விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான். அந்தப் பத்துப் பிள்ளைகளையும் பெற்ற மனைவிக்குக் கதையில் பெயர் இல்லை. கோபத்தில் ஒரே ஒரு வார்த்தை பேசுகிறாள், அறிவில்லாதவள் போலப் பேசுகிறாய் என்று கணவனிடம் ஏச்சு வாங்குகிறாள். அதோடு அவள் பேச்சு முடிந்தது. யோபு வழக்காடினால் அது ஞானம், அவள் வழக்காடினால் அறிவீனம்.

நாத்திகரின் கை இந்த இடத்தில் சுத்தமாக இருக்கிறது. யாரையும் நியாயப்படுத்தவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. உலகம் நமக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. மலைக்கு நம்மீது அன்பும் இல்லை, பகையும் இல்லை. மனிதர் செய்வதும் செய்யத் தவறுவதும்தான் மிச்சம். பெரியார் இந்தப் பார்வையைப் பெண்களிடம் கொண்டுவந்தார். பெண்ணின் விதி என்று சொல்லப்பட்டது சொத்தாலும் திருமணத்தாலும் கற்பு என்ற பேச்சாலும் செய்துவைத்த ஏற்பாடு, செய்ததைக் கலைக்கவும் முடியும் என்றார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானம் போட்டது. தீமை என்ற சொல்லை அநியாயம் என்று மாற்றிப் படித்ததால் வந்த தீர்மானம் அது.

இருந்தாலும் அப்பாவின் தோழர் கேட்ட கேள்வி என் காதைவிட்டுப் போகவில்லை. சாமியார் சித்தியின் சாவைக் கடவுளின் திட்டத்துக்குச் சாட்சியாக்கினார். தோழர் அதே சாவைக் கடவுள் இல்லை என்பதற்குச் சாட்சியாக்கினார். இருவருக்கும் சித்தி ஒரு நிரூபணம். இரண்டு பேச்சிலும் ஜீப் இல்லை, கூலி இல்லை, இருபத்திரண்டு பேர் இல்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்தது. கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வந்த குழுவில் பெரும்பாலோர் பெண்கள், மகளிர் தினத்தையொட்டி வந்தவர்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் மேலே ஏறி ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். போர்வைகளில் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக அரசு நியமித்தது.

அந்த வாரம் போடியில் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுந்தது: "பொம்பளப் பிள்ளைகளுக்கு மலையேத்தம் எதுக்கு?" பூசைக்குப் போகிறவர்களும் கேட்டார்கள். பகுத்தறிவு பேசுகிற ஆண்களும் கேட்டார்கள். கடவுளை எடுத்துவிட்டாலும் ஏவாள் போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பழம் பறித்தாள், இவள் மலை ஏறினாள். போகாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கூலிக்காக நாள்தோறும் மலை ஏறுகிற நூற்றுக்கணக்கான பெண்களிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பிழைப்புக்கு ஏறினால் கடமை, ஆசைக்கு ஏறினால் குற்றம்.

தத்துவ நூல்கள் தீமையை இரண்டாகப் பிரிக்கும்: இயற்கையால் வருவது, மனிதர் செய்வது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தது. எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை வால்டேர் அதை வைத்துத் தாக்கினார். மறுவருடம் அவருக்குக் கடிதம் எழுதிய ரூசோ, மாடி மாடியாக வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்று கேட்டார். ரூசோ கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஆக, யார் கட்டினார்கள், எங்கே கட்டினார்கள் என்று கேட்பது நாத்திகருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

அந்தக் கேள்வியைப் பெட்டிமுடியில் கேட்டுப் பார்க்கலாம். போடிமெட்டு வழியாக மூணாறு போய், அதற்கும் அப்பால் ராஜமலைப் பக்கம் இருக்கிறது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து, தேயிலைத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். தகவல் தொடர்பு அறுந்துபோனதால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அந்த மறுநாளே கோழிக்கோட்டில் விமான விபத்து. கேரள அரசு விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். மழை இயற்கைதான். அந்தச் சரிவுக்குக் கீழே லயம் இருந்ததும், ஓர் உயிர் இன்னோர் உயிரில் பாதி ஆனதும் இயற்கை அல்ல. எது இயற்கை, எது மனிதர் செயல் என்று கோடு கிழிக்கிறவர் யார் என்பதைப் பெண்களும் கூலிக்காரர்களும் கவனித்தே ஆகவேண்டும்.

நாத்திகருக்கும் கிறிஸ்தவருக்கும் உள்ள வேறுபாடு பொய்யானது என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையான வேறுபாடு. அம்மாவின் உலகில் முறையிட ஒருவர் இருக்கிறார், இறந்தவளை மறுபடி பார்க்கும் நம்பிக்கை இருக்கிறது. என் உலகில் இரண்டும் இல்லை. நான் அப்பா பக்கம். சித்தி இனி எங்கும் இல்லை என்றே நம்புகிறேன். அது கனமான நம்பிக்கை. அதைத் தாங்க எனக்கு எந்தப் பூசையும் கிடையாது. ஆனால் ஒரு விளக்கத்தை எடைபோட எனக்கு ஒரே வழிதான் தெரியும். அது அழுகிறவளின் வாயை அடைக்கிறதா, அவளை மேலும் கேட்கவிடுகிறதா? ஜெர்மானியப் பெண் இறையியலாளர் டொரத்தே சோலே, துன்பத்தைப் பற்றி 1973இல் எழுதிய நூலில், துன்பத்தை நியாயப்படுத்தும் இறையியல் துன்புறுத்துபவனின் பக்கம் சேர்ந்துவிடுகிறது என்று வாதிட்டார். கிறிஸ்தவத்துக்குள் நின்றே அதைச் சொன்னார். நாத்திகத்துக்குள் நின்று, அழுகிறவளிடம் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதே என்று சொல்ல வேண்டியது எங்கள் பங்கு.

அம்மா இதையெல்லாம் படித்ததில்லை. சித்தி இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், விடியற்காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் அம்மா பேசியதை உடன்போன பெண்கள் சொல்லக் கேட்டேன். "பத்துக்கு மேல ஏறாதீங்கடி. அடுத்த ஜீப்பு வரட்டும்." கங்காணி அம்மாவை மூன்று வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பாவின் நோட்டிலிருந்த கணக்கை வைத்து ஒரு மனு எழுதி, பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பதில் வரவில்லை. சில மாதம் ஒரு வண்டிக்குப் பதினைந்து பேர் என்று குறைந்தது. பிறகு பழையபடி ஏறியது. அந்த மாதங்களிலும் அம்மா மாதாவோடு போட்ட சண்டையை நிறுத்தவில்லை. கணக்கு வேறு, சண்டை வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தன.

2019இல் ஒரு கிலோ ஏலக்காய் ஏலத்தில் 7000 ரூபாயைத் தொட்டது. அந்த வருடமும் எங்கள் தெரு வழியாக ஜீப்புகள் அதே நெரிசலோடுதான் போயின. அப்பா இப்போது இல்லை. விடியற்காலையில் வண்டிச் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு வந்து தலைகளை எண்ணுவேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

"எத்தன பேரு தாயி?" என்று கேட்பார்.

எண்ணிக்கையைச் சொல்வேன். அம்மா சிலுவை போட்டுக்கொள்வார்.