யார் எழுதியது?

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் மணல் லாரி எதிரே வந்தால் எனக்கு லூர்து பிரான்சிஸ் ஞாபகம்தான். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ.வாக இருந்தவர். மணல் கடத்தல் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று ஆபீஸிலேயே வெட்டிக் கொன்றார்கள்.

நெடுஞ்சாலை எஞ்சினியர் சத்யேந்திர துபே, 2002ல் ஊழல் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது, தன் பெயர் ரகசியமாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகப் போனது. 2003ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்றது சி.பி.ஐ. 2014ல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இன்னும் அமலுக்கு வரவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் ஆபீஸில் ஒரு புகார்க் கடிதம் வந்தால் முதல் கேள்வி என்ன? 'யார்யா எழுதினது?' ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த முறை, 'எழுதினது நிஜமா?' என்று கேட்டுப் பாருங்களேன்.