புதிதாய் வந்தவரின் பசி

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு



பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம்பரத்தில் தனியே இருக்கும் பெற்றோர் நம் பங்கில் பலர். அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் அங்கே கண்ணாடித் தொட்டியில் கடல்குதிரை வளர்க்கிறாராம். பண்ணையில் பிறந்த ஜோடி. வந்த நாள் முதல் எதையும் தொடவில்லை என்று மகனுக்குக் கவலை. மகன் கவலைப்படுகிறானே என்று அம்மாவுக்குக் கவலை. (நீங்கள் யாரும் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய்த் தேட வேண்டாம். 2001 முதல் கடல்குதிரை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.)

கடல்குதிரைக்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. உண்டது உடம்பில் தங்காமல் சீக்கிரம் கடந்துபோகும்; அதனால் அடிக்கடி உண்ண வேண்டும். ஆனால் இரையைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்குக் கிடையாது. வாலால் ஒரு கடற்புல்லைப் பற்றிக்கொண்டு, இரு கண்களையும் தனித்தனியே சுழற்றியபடி காத்திருக்கும். சின்ன இறால் ஒன்று அசைந்து பக்கத்தில் வந்தால், நீண்ட மூக்கால் சட்டென்று உறிஞ்சிவிடும். வளர்ப்பவர் கையில் இருப்பதோ ஐஸில் உறைந்த மைசிஸ் இறால். நல்ல சத்து. ஆனால் அது அசைவதில்லை. அசையாததை உணவென்று கடல்குதிரை எளிதில் ஏற்காது. பண்ணையில் பழக்கித்தான் அனுப்புகிறார்கள் என்றாலும், இடம் மாறிய மிரட்சியில் பழகியதையும் மறுத்துவிடுவதுண்டு. எதிரே உணவு கிடக்க, அது பட்டினி கிடக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் அவசரப்படுவதில்லை. முதலில் பற்றிக்கொள்ள ஒரு பிடி கொடுக்கிறார்கள். நீரோட்டத்தைத் தணிக்கிறார்கள். முந்திப் பறிக்கும் மீன்களைக் கூட விடுவதில்லை. பிறகு ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலை உயிரோடு கொடுக்கிறார்கள். அதில் சத்து குறைவுதான், ஆனாலும் உண்ணத் தொடங்கட்டும் என்று. அப்புறம்தான் உறைந்ததைக் கரைத்து, அலசி, உயிருள்ளதோடு கொஞ்சமாகக் கலந்து, சிறு குழாயால் மூக்கருகே மெல்ல விடுகிறார்கள். நீரில் மிதந்து இறங்கும்போது செத்த இறாலும் அசைவதுபோல் தெரியும். உறிஞ்சும், துப்பும். மீந்ததை அழுகுமுன் எடுத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைப்பார்கள். உயிருள்ளதை நாளடைவில் குறைத்துக்கொண்டே வருவார்கள். உண்ணப் பழகிய ஒன்று பக்கத்தில் இருந்தால், அதைப் பார்த்தும் புதியது துணியும்.

அன்புக்குரியவர்களே, இப்படி எதிரே உணவிருந்தும் உண்ண முடியாதவர் நம் நடுவில் யார்? கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறீர்கள். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடித்து, பத்துப்பேர் அறையில் வந்து படுக்கும் பிள்ளைகளைத் தெரியும். ஊரில் தோட்டமும் திண்ணையுமாக இருந்துவிட்டு, இங்கே மூன்றாம் மாடியில் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைத் தெரியும். சோறு இருக்கிறது, கோவில் பக்கத்தில் இருக்கிறது, நற்கருணையும் இருக்கிறது. அவர்களுக்குத்தான் இறங்கவில்லை. அவர்களிடம் நாம் முதலில் என்ன கேட்டோம்?

இன்றைய முதல் வாசகத்தில் எலியாவைப் பாருங்கள். கார்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியாக நின்றவர், அரசி ஈசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் சுருண்டு கிடக்கிறார். சாவு வரட்டும் என்று ஆண்டவரிடமே கேட்கிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. புத்திமதி சொல்லவில்லை. (மறையுரை ஆற்றுகிற எனக்கு இது கொஞ்சம் சங்கடமான பகுதிதான்.) வானதூதர் வந்து தட்டியெழுப்புகிறார், தலைமாட்டில் சுடச்சுட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா உண்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். எழுந்து பயணத்தைத் தொடங்கியிருக்க வேண்டாமா? தூதர் சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறையும் வருகிறார், இரண்டாம் முறையும் உணவு. அந்தப் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஒரேபு மலையை அடைந்த பிறகுதான், இங்கே உனக்கு என்ன வேலை என்று ஆண்டவர் விசாரிக்கிறார்.

நம் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை 1928இல் தொடங்கியபோது காசநோய்க்கு மாத்திரை கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். எலியாவுக்கு ஆண்டவர் பார்த்த வைத்தியமும் அதுவே.

நாம் வரிசையை மாற்றிவிடுகிறோம். பூசையில் பார்க்க முடியவில்லையே, பிள்ளைக்கு ஏன் இன்னும் உறுதிபூசுதல் கொடுக்கவில்லை, பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை வருடம் என்று வாசலிலேயே கேள்விகளை அடுக்கிவிடுகிறோம். கேள்விகள் தவறல்ல. ஆனால் பசியோடு இருப்பவரால் பதில் சொல்ல முடியாது.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருக்கே செபம் உலர்ந்துபோயிருக்கலாம். திருப்பலிக்கு வருகிறோம், ஒன்றும் உள்ளே போகவில்லையே என்று சங்கடப்படுகிறீர்கள். கலங்க வேண்டாம். நற்செய்தியில், வானிலிருந்து இறங்கிவந்த அப்பம் நானே என்று இயேசு சொன்னதும் மக்கள் முணுமுணுக்கிறார்கள். யோசேப்பின் மகன்தானே இவர், வானிலிருந்து வந்ததாக எப்படிச் சொல்லலாம் என்கிறார்கள். அதற்காக இயேசு அப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஈர்ப்பது தந்தையின் வேலை என்கிறார். பாலைநிலத்தில் அவர்கள் முன்னோர் எகிப்தின் மீனுக்கும் வெள்ளரிக்காய்க்கும் ஏங்கி மன்னாவை வெறுத்தபோதும், கானான் எல்லை வரை மன்னா கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. இன்று உங்களால் ஏற்க முடிந்தது ஒரு சிலுவை அடையாளம் மட்டும்தான் என்றால், அதோடு வாருங்கள். அடுத்த ஞாயிறும் பீடத்தில் அப்பம் இருக்கும்.

அன்பியக் கூட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டாம். உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போங்கள். என்ன சாப்பிடுவார்கள் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பீகாரிலிருந்து வந்தவர்களானால் சப்பாத்தியாக இருக்கட்டும்.