பிள்ளை கேள்வி கேட்டால் பாவமா?



இந்த மாதம் பிரசங்கம் அல்ல, என் வீட்டில் நடந்த காரியத்தையே எழுதுகிறேன். மகளிடம் வாசித்துக் காட்டினேன். "எழுதுங்கப்பா, யாருக்காவது உதவும்" என்று அவள் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அவள் பிளஸ் ஒன் படிக்கையில் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அதற்கு முன் இருபத்தொரு நாள் வீடே உபவாசித்து ஜெபித்தது. அடக்கம் முடிந்த வாரம் மகள் கேட்டாள்: "இவ்வளவு ஜெபம் பண்ணியும் பாட்டி ஏம்ப்பா செத்துப்போனாங்க? கர்த்தர் கேட்கவே இல்லையா?"

நான் ஊழியக்காரன், வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கியவன். பதில் தெரியவில்லை. "உன்னை இப்படிப் பேச வைக்கிறது பிசாசு, முழங்கால் போடு" என்று அதட்டினேன். அதன்பின் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டாள் என்று ஸ்தோத்திரம் பண்ணினேன்.

அவள் திருந்தவில்லை, வாயை மூடிக்கொண்டாள். சாப்பாடு குறைந்தது, ராத்திரி தூக்கம் போயிற்று. எண்ணெய் பூசி ஜெபித்தேன். "பாஸ்டர் வீட்டிலேயே இப்படியா?" என்றார் ஒரு சகோதரர். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. பிள்ளையின் வாடிய முகம் அவ்வளவு குத்தவில்லை. இதை வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன். ஒரு இரவு அவள் தாயிடம், "உயிரோட இருக்கவே பிடிக்கலம்மா" என்றாள்.

அன்று 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரை அதட்டவில்லை, தூங்க விட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். ஓரேபில் பேச்சு நடந்தது அதற்கு அப்புறம்தான். காவலில் இருந்த யோவான்ஸ்நானனும் இயேசுவைக் குறித்தே கேள்வி கேட்டு ஆள் அனுப்பினார். ஆண்டவர் கோபிக்கவில்லை. பதில் சொல்லியனுப்பி, ஜனங்களுக்கு முன் அவரை மேன்மையாகவும் பேசினார்.

மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். மனச்சோர்வு நோய் என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், சுகமாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, அதுவரை தனியே விடாதீர்கள், மாத்திரையைத் தாயார் கையில் வையுங்கள் என்றார்.

"இது அவிசுவாசம் இல்லையா?" என்று சிலர் கேட்டார்கள். சர்க்கரைக்கு நான் தினமும் மாத்திரை போடுகிறேன், யாரும் என்னை அவிசுவாசி என்றதில்லை. பவுலோடிருந்த லூக்காவும் வைத்தியர்தானே! ஜெபத்தையும் நாங்கள் விடவில்லை.

பிறகு ஒருநாள் அவளருகே உட்கார்ந்து, "அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலம்மா. நானும் கர்த்தர்கிட்ட அதையேதான் கேட்டேன்" என்றேன். பாட்டி போனபின் அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

இன்று அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். சில ஞாயிறு ஆராதனைக்கு வருவாள், சில ஞாயிறு வரமாட்டாள். கேள்விகள் இன்னும் உண்டு. ஆனால் என்னிடம் கேட்கிறாள். நம்பிக்கை அற்றுப்போன பிள்ளை தகப்பனிடம் வந்து கேட்குமா?

பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்டால் அதட்டாதிருங்கள். சாக வேண்டும் என்று சொன்னால் ஒருநாளும் தாமதிக்காதிருங்கள். 2022 முதல் நடக்கிற டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. இரவும் பகலும் பேசலாம்.

சமாதானத்தின் தேவன் உங்கள் வீடுகளைக் காப்பாராக. ஆமென்.