விற்போர் அறமும் காண்போர் பொறுப்பும்

வாங்குவோர் விருப்பறிந்து விற்பது வாணிகத்தின் இயல்பு. அவ்விருப்பம் ஓர் இனத்தாரின் முகத்தையே மறைக்கச் சொல்லுமாயின், அதற்கும் உடன்படலாமோ? அமெரிக்கத் திரைப்படங்களின் விளம்பர வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1940களில் லீனா ஹார்ன் என்னும் கறுப்பினப் பாடகி ஹாலிவுட் படங்களில் தோன்றினார். அவர் பாடும் காட்சிகள் பெரும்பாலும் கதையோடு ஒட்டாமல் தனித்தே எடுக்கப்பட்டன. தென் மாநிலங்களில் படம் ஓடும்போது அவற்றை வெட்டி நீக்குதல் எளிதன்றோ!

காலம் மாறியது, கத்தரிக்கோல் படச்சுருளை விட்டுச் சுவரொட்டிக்கு வந்தது. 2009இல் வெளிவந்த 'கப்பிள்ஸ் ரிட்ரீட்' நான்கு இணையரின் கதை. பிரிட்டனில் வெளியான சுவரொட்டியில் மூன்று இணையரே இருந்தனர். விடுபட்டவர் கறுப்பின இணையர். '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 1841இல் கடத்தப்பட்டு அடிமையாக்கப்பட்ட சாலமன் நார்த்தப் என்னும் கறுப்பினத்தவரின் உண்மை வரலாறு. 2013இல் இத்தாலியில் வெளியிட்ட சுவரொட்டி ஒன்றில், சிறு வேடமேற்ற பிராட் பிட்டின் முகம் பெரிதாகவும், கதைத் தலைவராக நடித்த சிவெட்டல் எஜியோஃபோரின் உருவம் சிறிதாகவும் அமைந்தன. கண்டனம் எழுந்த பின்னரே அது திரும்பப் பெறப்பட்டது. 2015இல் 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமொன்றின் சீனச் சுவரொட்டியில், ஜான் போயேகாவின் உருவம் குறுக்கப்பட்டது.

'மக்கள் விரும்புவதைத் தருகிறோம். அவர்களைத் திருத்துவது எம் தொழிலன்று' என்பர் விற்போர். இவ்வாதம் முற்றும் பொய்யன்று. முதலிட்டவர் நட்டத்துக்கு அஞ்சுவர். இன வெறுப்பைப் படைத்தவரும் அவரல்லர். ஆயினும், கேளாமலே மக்களைச் சிறுமனத்தர் என்று தீர்ப்பளித்தல் காண்போர்க்குச் செய்யும் இழிவாகும். மேலும், காட்டாத முகம் பழகாத முகமாகவே நின்றுவிடும். அப்பழகாமையே பின்னர் 'மக்கள் விருப்பம்' எனக் கணக்கில் ஏறும்.

2018இல் கறுப்பின நடிகர் நிறைந்த 'பிளாக் பேந்தர்' உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. சீனத்திலும் 10 கோடி டாலரைக் கடந்தது. வணிகரின் அச்சம் கணக்களவிலும் பிழைபட்டது. அப்படம் தோற்றிருப்பின் மறைத்தல் அறமாகிவிடுமோ? ஆகாது. ஒருவரின் உழைப்பை விற்று அவர் முகத்தை மறைத்தல் ஆதாயம் தரினும் நேர்மையன்று.

வாணிகர்க்குரிய குறளை வள்ளுவர் பொருட்பாலில் வைத்தாரல்லர். அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார். அந்நடுவு நிலைமை வாங்குவோர்க்கும் உரியது. பிறர் நம்மை எவ்வாறு காட்டுகின்றனர் என்பதை வேற்றுமொழியார் நடுவே வாழும் நாம் கூர்ந்து நோக்குகிறோம். பிற இனத்தாரை நமக்கு எவ்வாறு காட்டுகின்றனர் என்பதையும் அவ்வாறே நோக்குதல் நம் கடன். நம் பெயரால் ஒரு முகம் மறைக்கப்படும்போது, 'நாங்கள் அவ்வாறு கேட்கவில்லை' என்று சொல்லும் பொறுப்பு நம்முடையதே.