அறிந்தவன் கடன்

ஒரு பொருளைச் செய்தவன் அதற்கு எதுவரை பொறுப்பாளி? விற்ற பணம் கைக்கு வந்தவுடன் அவனுடைய கடமை முடிந்துவிடுகிறதா? அல்லது அப்பொருள் பிறர் கையில் உழைத்துத் தேய்ந்து ஓயும்வரை அக்கடமை அவனைத் தொடர்கிறதா?

மண்பானை வாங்கும்போது நாம் அதைத் தட்டிப் பார்க்கிறோம். ஓசை சரியில்லையென்றால் வேறொன்றைக் கேட்கிறோம். தட்டிப் பார்க்கும் அறிவு நமக்கு இருப்பதால், பின்னர் அது உடைந்தால் குயவரைக் குறை கூறுவதில்லை. ஆனால் தட்டிப் பார்த்து அறிய முடியாத பொருள்கள் நம் வாழ்வில் நிறைந்துவிட்ட காலம் இது. அவற்றுள் ஒன்று மோட்டார் கார். அதை வாங்குகிறவர் அதன் உள்ளுறுப்புகளுள் நூற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டவர் அல்லர். அறிவு முழுவதும் செய்தவரிடம் இருக்கிறது. ஆபத்து முழுவதும் ஓட்டுகிறவரிடம் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் நம் கேள்வி பிறக்கிறது.

ஓட்டுகிறவரிடம் மட்டுமா ஆபத்து இருக்கிறது? ஆதம்பாக்கத்துத் தெருக்களில் மாலை வேளையில் நடந்து பழகியவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். இருபுறமும் கார்கள் நிறுத்தப்பட்டிருக்க, நடுவில் எஞ்சிய சிறு வழியில்தான் பள்ளிப் பிள்ளைகளும், காய்கறித் தள்ளுவண்டியும், தண்ணீர் லாரியும், வழிபாட்டுக்குச் செல்லும் முதியோரும் ஒருவரையொருவர் விலக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. நிறுத்திய இடத்திலிருந்து ஒரு கார் இரண்டு முழம் எதிர்பாராமல் பாய்ந்தாலும் போதும்; அங்கே யாரோ ஒருவர் இருப்பார். ஓட்டுநர் கட்டளையிடாமலே வண்டி வேகமெடுத்தது என்ற செய்தியைக் கேட்கும்போது நாம் நடுங்குவது அதனால்தான்.

அவ்வாறு நடப்பதற்குக் காரணங்கள் பல. கால் வைக்கும் இடத்தில் விரித்த ரப்பர் விரிப்பு நகர்ந்து, ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்தியவாறே பிடித்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பழைய விரிப்பின்மேல் புதிய விரிப்பைப் போடும் நம் பழக்கம் இதற்குத் துணைபோகிறது. மிதியே இறுகிப்போய் மேலெழாமல் நின்றுவிடலாம். பொறியின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதுபடலாம். இவை எதுவுமின்றி, பிரேக்கை மிதிப்பதாக எண்ணி ஓட்டுநரே ஆக்சிலரேட்டரை மிதித்துவிடலாம். உள்ளே இருப்பவருக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் தோன்றும். கார் பாய்கிறது, நிற்க மறுக்கிறது.

கிளட்ச் உள்ள வண்டியில், திடுக்கிட்டவர் இரு கால்களையும் அழுத்தினால் பொறியின் ஆற்றல் சக்கரத்துக்குச் செல்லாது. 2014ஆம் ஆண்டு மாருதி செலெரியோ வந்தது முதல், கிளட்ச் மிதியில்லாமல் தானே கியர் மாற்றும் கார்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டலாயின. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும் அந்தப் பழைய காவல் அங்கே இல்லை. வண்டி பாயத் தொடங்கினால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக முழுப் பலத்துடன் மிதிக்க வேண்டும். கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். நின்ற பிறகே பொறியை நிறுத்த வேண்டும். விட்டுவிட்டு மிதித்தால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட அழுத்தம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும். இதை வீட்டில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் சொல்லி வைப்பது நலம்.

விபத்து நேர்ந்தபின் நாம் என்ன செய்கிறோம்? ‘வயதானவர், காலை மாற்றி வைத்திருப்பார்’ என்று தெரு ஒரு தீர்ப்பு வழங்குகிறது. ‘கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்று உறவினர்கள் மற்றொரு தீர்ப்பு வழங்குகிறார்கள். இரண்டும் விசாரணைக்கு முந்திய தீர்ப்புகள். இரண்டுமே தவறக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த இரு வரலாறுகள் சான்று.

1986 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆடி 5000 என்னும் கார் தானாகவே பாய்கிறது என்று நாடு முழுவதற்கும் அறிவித்தது. 1985இல் ஏறத்தாழ 74,000 கார்களை அந்நாட்டில் விற்ற நிறுவனம், 1991இல் ஏறத்தாழ 12,000 கார்களையே விற்றது. 1989இல் வெளியான அரசின் ஆய்வறிக்கையோ, பெரும்பாலான நிகழ்வுகளில் ஓட்டுநர்கள் மிதியை மாற்றி மிதித்ததே காரணம் என்று முடிவு செய்தது. ஆனால் அறிக்கை அத்துடன் நிற்கவில்லை. பொறியின் வேகத்தைச் சீர்செய்யும் ஒரு கருவியின் குறையால் வண்டி சற்றே துள்ளியிருக்கலாம் என்றும், அத்துள்ளல் ஓட்டுநரைத் திடுக்கிடச் செய்திருக்கலாம் என்றும் அது கூறியது. பொறியின் சிறு பிழை, மனிதனின் பெரும் பிழைக்கு வாயிலாக அமைகிறது. பிரேக்கை மிதித்தாலன்றிக் கியர் நகராத பூட்டு அக்காலத்தில்தான் கார்களில் இடம்பெறத் தொடங்கியது. மனிதன் தவறுவான் என்பதைக் கணக்கில் கொண்டு பொருளைச் செய்வதும் செய்பவனின் அறமே என்பதை அந்தப் பூட்டு நினைவூட்டுகிறது.

இரண்டாவது வரலாறு துயரமானது. 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியேகோ அருகே, இரவலாகப் பெற்ற லெக்சஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் பாய்ந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அலுவலர். வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்லர். வேறொரு மாடலுக்குரிய விரிப்பு அதில் போடப்பட்டிருந்தது. அது மிதியைப் பிடித்துக்கொண்டது. சில நாள்களுக்கு முன் அதே காரை இரவல் பெற்ற மற்றொருவருக்கும் இதுவே நேர்ந்திருந்தது. அவர் எப்படியோ தப்பி, காரைத் திருப்பிக் கொடுக்கையில் வரவேற்பு மேசையில் அதைச் சொல்லிவிட்டுச் சென்றார். எனினும் அதே கார், அதே விரிப்புடன், அடுத்த குடும்பத்தின் கைக்குப் போயிற்று.

அதன்பின் டொயோட்டா நிறுவனம் விரிப்புக்காகவும், இறுகும் மிதிக்காகவும் பல இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நாசா அறிஞர்கள் பத்து மாதங்கள் ஆராய்ந்தனர். ஆபத்தான பாய்ச்சலுக்குக் காரணமாகும் மின்னணுக் குறை எதையும் காணவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2013இல் ஓக்லஹோமா மாநில நடுவர் குழு ஒன்றோ, ஒரு வழக்கில் மின்னணுக் கட்டுப்பாட்டையே குறைகூறித் தீர்ப்பளித்தது. இயந்திரத்தைப் பற்றிய வழக்கு இவ்வாறு இருபுறமும் சென்றது. ஆனால் நேர்மையைப் பற்றிய வழக்கில் ஐயமில்லை. அறிந்ததை மறைத்து மக்களைத் தவறாக வழிநடத்தியதை ஏற்றுக்கொண்டு, 2014 மார்ச்சில் 120 கோடி டாலர் செலுத்த நிறுவனம் இசைந்தது. அத்தண்டனை விரிப்புக்கு அன்று, மௌனத்துக்கு.

விடுதலைப் பயண நூலில் முட்டும் மாட்டைப் பற்றிய பழஞ்சட்டம் ஒன்று உண்டு. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாடு கல்லெறியப்படும், உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அது முட்டும் பழக்கமுடையது என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் அதைக் கட்டி வைக்கவில்லை என்றால், அவரும் சாவுக்குரியவர். மாடு ஒன்றே, சாவும் ஒன்றே. வேறுபாடு உரிமையாளர் அறிந்திருந்தாரா என்பதில் மட்டுமே. நேற்றுவரை விபத்தாக இருந்தது, அறிந்த நாள்முதல் குற்றமாகிவிடுகிறது.

நம் நாட்டின் சட்டமும் தாமதமாகவேனும் இந்த நெறியை வந்தடைந்திருக்கிறது. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் முறையைத் தானே வகுத்துக்கொண்டது. அது விருப்பத்தின்பாற்பட்டது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அதைக் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்பிரிவில் நாம் ஊன்றி நோக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. உற்பத்தியாளர் தாமே குறையைக் கண்டு, அரசுக்கு அறிவித்து, வண்டிகளைத் திரும்ப அழைத்தால் அப்பிரிவின்கீழ் அபராதம் இல்லை. தானாக முன்வந்து சொல்பவனுக்கும் பிடிபட்டபின் சொல்பவனுக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டமே ஏற்கிறது. ஒப்புரவின் இலக்கணம் அறிந்த நமக்கு இது புதிதன்று.

அதே பிரிவில் மற்றொரு கூறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உரிமையாளர்களுள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தினர் ஒரே குறையை முறையிட்டால் அரசு தலையிடலாம். நிர்வாகத்துக்கு ஏதோ ஓர் எல்லைக்கோடு வேண்டும் என்பது உண்மையே. தனியொருவர் முறையீடு அவருடைய பிழையாகவும் இருக்கலாம். ஆனால் திருவாரூரின் ஆராய்ச்சி மணியை அடித்தது ஒரே ஒரு பசு. தேர்க்காலில் மடிந்ததும் ஒரே ஒரு கன்று. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை; கன்றுதான் குறுக்கே பாய்ந்தது. எனினும் மனுநீதிச் சோழன் இன்னும் எத்தனை பசுக்கள் வருகின்றன என்று காத்திருக்கவில்லை. எண்ணிக்கை அரசுக்கு உதவும் அளவுகோல். அது மனச்சான்றின் அளவுகோல் ஆகாது. முதல் முறையீடு வந்த அன்றே தேடத் தொடங்குவதுதான் செய்தவன் கடன்.

முறையிடுகிறவர் தம் குறையை அறிவியல் முறையில் மெய்ப்பிக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை வைத்துள்ள ஹூண்டாய் நிறுவனத்தின் கார் ஒன்று 2017இல் வட இந்திய நெடுஞ்சாலையில் மோதியபோது அதன் காற்றுப்பைகள் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். விசையையும் வேகத்தையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்கவேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறி, இழப்பீட்டை உறுதிசெய்தது. பானையைத் தட்டிப் பார்க்க முடியாதவருக்கு அத்தீர்ப்பு ஒரு துணை.

இதுவரை பிறர் கடமையைப் பேசினோம். இனி நம் கடமையைப் பேச வேண்டும்.

2021 செப்டம்பரில் மாருதி சுசுகி நிறுவனம் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா முதலிய பெட்ரோல் கார்கள் 1,81,754ஐத் திரும்ப அழைத்தது. மோட்டார் ஜெனரேட்டர் என்னும் உறுப்பில் குறை இருக்கக்கூடும்; மாற்றித் தரும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டவேண்டாம் என்று அது கேட்டுக்கொண்டது. மாற்றும் பணி நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குவதாக இருந்தது. அதே வாரத்தில், நவம்பர் 6, 7 இடைப்பட்ட இரவில், சென்னையில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வேளச்சேரிப் பக்கம் மழைநீர் என்ன செய்யும் என்பதை ஆதம்பாக்கத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கையைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அன்று பெய்த மழை ஒன்றே, பொறுப்பு வேறு.

இத்தகைய கடிதம் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? ‘வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது’ என்கிறோம். பழுதுநீக்கம் இலவசம், ஆனால் ஒரு நாள் விடுப்பு இலவசமன்று. ஆகவே கடிதம் ஆர்.சி. புத்தகத்துடன் உறையில் உறங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை வரும் ஆக்டிங் டிரைவரிடம், மிதி சில வேளை ஒட்டிக்கொள்கிறது என்று சொல்ல மறக்கிறோம். பின்னர் ஒரு நாள் வண்டியை விற்கிறோம். கடிதம் நம் பெயருக்கு வந்தது. வாங்குகிறவருக்கு அது தெரியாது. அவர் இருக்கையையும் வர்ணத்தையும் பார்க்கிறார். நாமும் இருக்கையையும் வர்ணத்தையும் காட்டுகிறோம். பெரிய நிறுவனம் மேசையிலமர்ந்து செய்த அதே காரியத்தை அந்தக் கணத்தில் நாம் வீட்டு வாசலில் நின்று செய்கிறோம். அளவு சிறியது, தன்மை ஒன்றே. சேசிஸ் எண்ணைக் கொண்டு நிறுவனத்திடம் விசாரித்தால், தீர்க்கப்படாத குறை உண்டா என்று அறியலாம். விற்பவர் அதைக் கேட்டுச் சொல்வதால் சில ஆயிரம் குறையலாம், வேறெதுவும் குறையாது.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது என்ற செய்தியைப் படித்ததும், ‘அது மோசமான கம்பெனி’ என்று முகம் சுளிக்கிறோம். வாய் திறக்காத நிறுவனத்தின் காரை நம்பிக்கையோடு வாங்குகிறோம். உண்மை சொன்னவனுக்குத் தண்டனையும் மறைத்தவனுக்குப் பரிசும் வழங்கும் சந்தையில், மறைக்கும் கலையே வளரும். சர்வீசுக்கு வரும் வண்டிகளில் உரிமையாளருக்குச் சொல்லாமலே உறுப்பை மாற்றிவிட்டு ஓசையின்றி இருந்துவிடும் ஆசை அப்படித்தான் பிறக்கிறது. ‘எத்தனை முறை திரும்ப அழைத்தாய்?’ என்று மட்டும் கேட்பது நீதியாகாது. ‘அறிந்த எத்தனையாம் நாளில் அழைத்தாய்?’ என்று கேட்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

செய்தவர், விற்றவர், பழுது பார்த்தவர், ஓட்டுகிறவர் ஆகிய எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அந்த வண்டியைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவர்கள். தெருவில் நடக்கிறவர் எதையும் ஏற்றுக்கொண்டவர் அல்லர். அவர் அந்தக் காரை வாங்கவில்லை. அதன் எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு வராது. முறையிடும் எண்ணிக்கையில் அவர் பெயர் இடம்பெறாது. கையில் பாத்திரத்துடன் பால் வாங்கத் திரும்பும் அவர், நிறுத்தி வைத்த நம் காரின் முன்னால்தான் தெருவைக் கடக்கிறார். நாம் அறிந்ததை உரிய இடத்தில் உரிய நாளில் சொல்லியிருக்கிறோம் என்று நம்பியே அவர் கடக்கிறார்.