4.5 என்ற எண்ணுக்குள் ஒரு முதியவர்

வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற சாம்பல் நிறத்தில் எழுதினால் தோல்வி. 767676 என்றால் வெற்றி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் நமக்கு வித்தியாசம் தெரியாது. லைட்ஹவுஸ் மாதிரியான தானியங்கிச் சோதனைக் கருவிகளுக்குத் தெரியும். முதல் நிறத்துக்கும் வெள்ளைக்குமான ஒளி வேறுபாட்டு விகிதம் 4.48, அடுத்ததுக்கு 4.54. சாதாரண அளவு எழுத்துக்கு எல்லைக்கோடு 4.5.

இந்த 4.5 எங்கிருந்து வந்தது? வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு 2008இல் வந்தது. அதன் விளக்கக் குறிப்பில் கணக்கு இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவருக்குக் குறைந்தது 3 வேண்டும் என்பது முந்தைய தரநிலை. 20/40 அளவுக்குப் பார்வை மங்கியவருக்கு அதில் ஒன்றரை மடங்கு வேண்டும். அந்த மங்கல் ஏறத்தாழ 80 வயதில் வழக்கமானது. ஆக, அந்த எண்ணுக்குள் ஒரு முதியவரின் கண் இருக்கிறது.

அளக்க முடியாததுதான் உயர்ந்தது என்று சொல்வது நமக்குப் பிடித்தமானது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு மீட்டிங்கில் "லைட் கிரேதாங்க அழகா இருக்கு" என்று டிசைனர் சொல்கிறார். "வயசானவங்களால படிக்க முடியாதே" என்றால் அது இன்னொரு அபிப்பிராயம், அவ்வளவுதான். "டெஸ்ட் ஃபெயில் ஆகுது" என்றால் பேச்சு முடிந்தது. அந்த அறைக்குள் வரவே முடியாத முதியவருக்காகப் பேசுவது அந்த எண்தான்.

சிக்கல் அடுத்த நாள் தொடங்குகிறது. தேர்ச்சி பெறும் நிறங்களிலேயே வெளிறியது எது என்று தேடி, 767676இல் வந்து நிற்கிறோம். 'இதற்குக் கீழே போகாதே' என்றது 'இது போதும்' ஆகிவிடுகிறது. விகிதக் கணக்கில் இரண்டு நிறங்கள் மட்டுமே உண்டு. எழுத்தின் மெலிவோ, வெயிலில் பிடித்த ஃபோனோ கிடையாது. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அது உண்மையா என்று பார்க்காது. 2019இல் ஒரு நிரலாளர், வேண்டுமென்றே யாராலும் பயன்படுத்த முடியாத பக்கம் ஒன்றைச் செய்து, லைட்ஹவுஸில் அணுகல்தன்மைக்கு 100 வாங்கிக் காட்டினார்.

கருவி பொய் சொல்லவில்லை. 'நான் தேடிய குறைகள் இல்லை' என்றது. 'நல்ல பக்கம்' என்று நாம்தான் படித்துக்கொள்கிறோம். அந்த மதிப்பெண்ணுக்குக் கீழேயே, மனிதர் சரிபார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியலையும் அது தருகிறது. பட்டியல் மூடித்தான் இருக்கும். யாராவது க்ளிக் பண்ணித் திறக்கணும்.