குளத்து மீனும் புளியின் அளவும்

சமையலைக் குறித்து எளிமை என்று பேசும்போது அச்சொல் பெரும்பாலும் பொருள்களின் எண்ணிக்கையையே குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. மூன்று பொருளில் முடிவது எளிய உணவு என்றும், பதினைந்து பொருள் வேண்டுவது ஆடம்பரம் என்றும் அக்கணக்கு சொல்கிறது. கோடை விடுமுறையில் ஒரு வாரமோ பத்து நாளோ பின்லாந்து, நார்வே போன்ற வடபுல நாடுகளுக்குச் சென்று வரும் தமிழர் சிலர் இந்தக் கணக்கோடுதான் ஊர் திரும்புகின்றனர். அங்கே உப்பும் வெண்ணெயும் மட்டும் இட்டு உண்ட மீன் அதன் இயல்பான சுவையில் இருந்ததாகவும், இங்கே மீனை மசாலாவில் மூழ்கடித்து அதன் சுவையை மறைத்துவிடுவதாகவும் அவர்களுக்குத் தோன்றுகிறது. திண்டுக்கல் போன்ற, கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சமவெளி ஊரின் மீன் குழம்பை அருகில் வைத்துப் பார்த்தால், இந்த முடிவு நாவின் அனுபவத்தைச் சரியாகச் சொன்னாலும் எளிமை என்பதன் பொருளைத் தவறவிடுகிறது என்பது விளங்கும்.

முதலில் வடபுலத்தின் தட்டைப் பார்க்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஹெல்சின்கி நகரில் ஏறத்தாழ 19 மணி நேரம் பகல் நீடிக்கிறது. திண்டுக்கல்லில் அதே மாதத்தில் பகல் பதின்மூன்று மணி நேரத்தையும் எட்டுவதில்லை. அந்த நீண்ட பகல்களில் பின்லாந்து மக்கள் ஏரிக்கரையிலுள்ள ‘மொக்கி’ எனப்படும் மரக் குடில்களில் தங்குகின்றனர். சந்தைத் திடல்களில் ‘முய்க்கு’ என்னும் விரல் நீள ஏரி மீனை, ரை என்ற குளிர்நாட்டுத் தானிய மாவில் உப்புச் சேர்த்துப் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, முள்ளோடு முழுமையாக உண்கின்றனர். சால்மன் மீனைப் பிளந்து பலகையில் அறைந்து, தீயில் படாமல் தீயின் அருகே நிறுத்தி, வெக்கையில் வேகவைக்கும் ‘லொய்முலோஹி’ என்ற முறையும் உண்டு. உப்பையும் நெருப்பின் தூரத்தையும் தவிர அதில் சமைப்பவர் தீர்மானிக்க வேண்டியது மிகக் குறைவு.

இந்தக் குறைவைச் சாத்தியமாக்குவது சமைப்பவரின் துறவு மனம் அன்று, நீர். பின்லாந்தில் சிறியவற்றையும் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் உள்ளன. ஆண்டில் பல மாதங்கள் உறைந்து கிடக்கும் அந்த நீரில் முய்க்கு சேற்றைக் கிளறாமல், ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்டு வாழ்கிறது. எனவே அதன் சதையில் நீக்க வேண்டிய வாடை குறைவு. இதோடு ‘எல்லாருக்குமான உரிமை’ என்று பொருள்படும் பழைய வழக்கமும் சேர்கிறது: பிறர் நிலத்தில் தீங்கு செய்யாமல் நடக்கவும், காட்டுப் பழங்களும் காளான்களும் பறிக்கவும், சாதாரணத் தூண்டில் போட்டு மீன் பிடிக்கவும் எவருக்கும் அங்கே தனி அனுமதி தேவையில்லை. தட்டில் மூன்று பொருளே தெரிந்தாலும், அவற்றுக்குப் பின்னால் ஒரு பருவநிலையும், காக்கப்பட்ட நீரும், பொதுவுரிமை என்ற ஏற்பாடும் இருக்கின்றன.

திண்டுக்கல் சமவெளியின் கோடை இதற்கு நேர்மாறானது. மேற்கே பழனிமலைத் தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் நிற்க, இடையில் கிடக்கும் இந்நிலம் தன் மழையில் பெரும்பங்கை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. அந்த நீரைத் தேக்கி வைப்பவை குளங்கள். நத்தம் பக்கம் செல்லச்செல்ல அவற்றையே கண்மாய் என்பர். வடபுலத்தில் கோடை என்பது பனி உருகி நீர் திறக்கும் காலம். இங்கே அது நீர் சுருங்கி மூடும் காலம். தை தொடங்கி ஒவ்வொரு வாரமும் கரையிலிருந்து உள்வாங்கும் நீர், பங்குனி சித்திரையில் மடைக்குக் கீழான பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தேங்கி நிற்க, குளம் முழுவதும் பரவி வாழ்ந்த மீன்கள் அந்தப் பள்ளத்துக்குள் நெருங்கி விடுகின்றன.

இந்த நெருக்கத்திலிருந்துதான் மீன்பிடித் திருவிழா என்ற வழக்கம் பிறந்தது. மீன்பாசி உரிமையை ஏலம் விட்டுவிடும் குளங்கள் உண்டு. ஊர்ப் பொதுவாக வைத்திருக்கும் குளங்களில், நீர் வற்றும் நேரம் பார்த்து நாள் குறித்து, சுற்று வட்டாரத்துக்குச் சொல்லி அனுப்புகின்றனர். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துணியை வீசிக் காட்டியதும், கரையில் காத்திருந்த கூட்டம் ஒரே வேளையில் நீரில் இறங்குகிறது. கைவலையும், ‘ஊத்தா’வும், ஒன்றும் இல்லாதவர் கையில் சேலையும் கருவிகளாகின்றன. ஊத்தா என்பது மூங்கில் சிம்புகளால் பின்னிய, மேலும் கீழும் திறந்த கூடை. கலங்கிய நீரில் அதைக் குத்தி நிறுத்தி, உள்ளே மீன் துள்ளுவது தெரிந்தால் மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பர். இவ்வாறு பிடித்த மீனை விற்கக்கூடாது, சமைத்து உறவினர்க்கும் கொடுத்து உண்ண வேண்டும், அப்போதுதான் அடுத்த ஆண்டு மழை பெய்யும் என்பது பல ஊர்களின் நம்பிக்கை. மழையோடு அந்த நம்பிக்கைக்கு என்ன தொடர்பு என்று கேட்பதைவிட, வற்றும் குளத்தின் கடைசிச் செல்வம் ஒரு சிலர் கையில் சேராமல் அது காத்தது என்பதைக் கவனிப்பது பயனுள்ளது.

அன்று மாலை வீடு சேரும் மீன்கள் பலவகை. காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்ல விராலும் குரவையும், மீசை முளைத்த கெளுத்தியும், விரல் அளவான அயிரையும் இந்நிலத்துக்கு உரியவை. கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆறுகளிலிருந்து வளர்ப்புக்காக வந்தவை. ஜிலேபி என்று வழங்கும் திலாப்பியா ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. எந்த வகையானாலும், வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் வாழ்ந்த மீனுக்குச் சேற்று வாடை வந்துவிடுகிறது. அதற்குக் காரணமான பொருளுக்கு 1965-இல் அறிவியலாளர் இட்ட பெயர் ஜியோஸ்மின்; கிரேக்க மொழியில் ‘மண்ணின் மணம்’ என்பது அதன் பொருள். மண்ணிலும் நீரிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் அதைச் சுரக்க, மீன் அதைச் செவுள் வழியே வாங்கித் தன் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. முதல் மழையில் எழும்போது மண்வாசனை என்று மக்கள் நின்று முகர்வதும், மீன் சதையில் வரும்போது வாடை என்று முகம் சுளிப்பதும் பெரிதும் இந்த ஒரே பொருளைத்தான்.

குளத்து மீன் குழம்பின் ஒவ்வொரு பொருளும் இந்த நீருக்குச் சொல்லும் விடையாகவே அமைந்திருக்கிறது. அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்து வாடையற்றதாக மாறும் என்பதை வேதியியல் பின்னர் கண்டது; நத்தம் பக்கத்துப் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுவதும், மாங்காய்க் காலத்தில் இரண்டு கீற்று மாங்காய் சேர்ப்பதும் அதற்கு முன்பே அடுப்படியில் இருந்தன. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மண்சட்டியின் சொரசொரப்பில் மீனை உரசிக் கழுவுவது தோலின் வழுவழுப்பை நீக்குவதற்கு. அயிரையை உயிரோடு பாலில் விடுவது அது விழுங்கிய மண்ணைக் கக்குவதற்கு. விராலைப் பானையில் நல்ல நீரூற்றி ஓரிரு நாள் வைத்திருப்பதும் இவ்வகையிலேயே சேரும்; இன்றைய மீன் பண்ணைகள் விற்பனைக்கு முன் மீனைத் தூய நீரில் விட்டுச் சேற்று வாடையை இறக்கும் முறையும் இதுவே. வெந்தயமும் சின்ன வெங்காயமும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்குவது புளியின் கூர்மையைத் தணிப்பதற்கு. பத்துப் பன்னிரண்டு பொருள் சேர்ந்தும் இதில் வேலையில்லாமல் வந்து உட்கார்ந்தது ஒன்றும் இல்லை என்றால், இதனை ஆடம்பரம் என்பது பொருந்தாது.

நீரை மாற்றிப் பார்த்தால் இக்கருத்து மேலும் உறுதிப்படும். கோடையில் கலங்கிய குளத்துக் கெண்டையை உப்பும் வெண்ணெயும் மட்டும் இட்டுப் பொரித்தால் அதன் சேறு முழுவதும் நாவில் தெரியும். முய்க்கு மீனைப் புளிக்குழம்பில் போட்டால் அங்கே புளிக்குச் செய்வதற்கு வேலை இருக்காது. வடபுல நாடுகளிலேயே, சால்மனைத் தரையில் கட்டிய தொட்டிகளில் ஒரே நீரைச் சுத்திகரித்துத் திரும்பத்திரும்பச் சுழலவிட்டு வளர்க்கத் தொடங்கியபோது, ஜியோஸ்மின் வாடை அங்கும் தலைகாட்டியது. எளிமை பழமையிலும் இல்லை: குழம்பின் மிளகாயும், பின்லாந்துக் கோடைத் தட்டில் மீனுக்குத் துணையாகும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புதியவர்களே. வந்த இடத்தில் தமக்கொரு வேலை இருந்ததால் அவை நிலைத்தன.

குறுகிய பயணம் தவறவிடுவது இதைத்தான். ஒரு வாரம் தங்குபவர் ஓர் ஊரின் கோடையை மட்டுமே காண்கிறார். அந்தக் கோடைக்குப் பின்னிருக்கும் இருண்ட குளிர்காலம் அவர் கண்ணில் படுவதில்லை. அதனால் நீரின் இயல்பாக இருப்பதை மக்களின் குணமாக எண்ணி, அவர்கள் எளியவர்கள், நாம் சிக்கலானவர்கள் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். மீன்பிடித் திருவிழாவை ஒரே ஒரு காலை பார்த்துவிட்டுச் செல்லும் வெளிநாட்டவர், இம்மக்கள் ஆண்டு முழுவதும் சேற்றில் குதித்து மகிழ்பவர்கள் என்று எழுதினால் அதுவும் இவ்வளவே உண்மையாக இருக்கும். ஊர் திரும்பியபின் எளிமையை நடைமுறைப்படுத்த விரும்பி வீட்டுப் பொருள்களைக் கழிப்பதும், உறவுகளின் வருகையைக் குறைப்பதும், சமையலில் மசாலாவை நிறுத்துவதும் இந்தத் தீர்ப்பின் தொடர்ச்சிதான். எவை வேலை செய்கின்றன என்று பாராமல் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது எளிமையாக இராது. புளி இடாத குளத்து மீனாகவே இருக்கும்.

எனினும் விடை சொல்லும் ஆற்றல் சமையலுக்கு எல்லையின்றி இல்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்றது போலவே தோல் பதனிடுதலுக்கும் பெயர்பெற்ற நகரம். அத்தொழிலின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நகரைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரையும் குளங்களையும் கெடுத்தது. தமிழகத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, மாசுபடுத்துவோரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. வடபுலத்தின் நீரும் தப்பவில்லை. பால்டிக் கடலின் பெரிய ஹெர்ரிங் மீன்களிலும் சால்மனிலும் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், குழந்தைகளும் இளைஞரும் கருவுறும் வயதுப் பெண்களும் அவற்றை மாதத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் உண்ண வேண்டாம் என்று பின்லாந்து அரசே அறிவுறுத்துகிறது. சேற்றுக்குப் புளி விடை சொல்லும். குரோமியத்துக்கோ டையாக்சினுக்கோ புளியிடமும் வெண்ணெயிடமும் விடை இல்லை. அந்த நிலையில் மூன்று பொருளும் பதினைந்து பொருளும் ஒன்றுதான். எளிய வாழ்வைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் எதைக் குறைப்பது என்பதோடு நின்று, நீர் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வியைத் தொடாமல் போனால், அது தட்டை மட்டும் கழுவிவிட்டுக் குளத்தை மறந்த பேச்சாகிவிடும்.

சமையலில் ‘பதம்’ என்றொரு சொல் உண்டு. ஒரு பொருள் எந்த நிலையில் போதுமானதாகிறதோ அந்த நிலையை அது குறிக்கும். எழுதி வைத்த அளவால் அதை எட்ட முடியாது, எதிரில் இருப்பதைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே எட்ட வேண்டும். எளிமை எண்ணிக்கையைவிட இந்தப் பதத்துக்கே நெருங்கியது. நிறைந்த குளத்தின் மார்கழி மீனுக்குச் சிறிய உருண்டைப் புளி போதும். வற்றிய குளத்தின் சித்திரை மீனுக்கு அது போதாது. அதனால்தான் கைப்பழக்கம் உள்ளவர்கள், மீன் வந்து சேர்ந்ததும் புளியை ஊறப்போடுவதற்கு முன், “இது எந்தக் குளத்து மீன்?” என்று கேட்டுக்கொள்கின்றனர்.